பெருந்தொற்றும் நெஞ்சகநோயின் இடர்க்காரணிகளும்

முன்னுரை

கொவிட் நோயினைப் பன்னாட்டு அவசர நிலை என உலக நல நிறுவனம் 2020-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 30-ஆம் நாள் அறிவித்தது. உலகப் பெருந்தொற்று என அதே ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11-ஆம் நாள் குறித்தது. அவசர நிலை முடிவுற்றது என 2023-ஆம் ஆண்டு மேத் திங்கள் 5-ஆம் நாள் உரைத்தது. இந்நாள்களை மட்டும் நோக்குவார்க்கு அந்நோய் மூன்றாண்டுகளும் சில திங்களும் நிகழ்ந்து ஒழிந்ததொன்றாகவே தோன்றும். தொற்றியோர் எத்துணையர், மாண்டோர் எத்துணையர் என்னும் கணக்கும் பெரும்பாலும் அவ்வெல்லைக்குள்ளேயே எடுக்கப்பட்டது. ஆயின், ஒரு கொள்ளைநோய் விளைக்கும் கேடு அந்நோயுற்றாரோடு நிற்பதன்று. தொற்றாதார் வாழ்க்கையையும் அது மாற்றிவிடுகின்றது. அம்மாற்றம் உடலிற் படிந்து, பல்லாண்டு கழித்து வேறொரு நோயாக வெளிப்படுகின்றது. அங்ஙனம் வெளிப்படுங்கால் அதனைப் பெருந்தொற்றின் கணக்கில் எழுதுவார் அரியர். எழுதப்படாத அக்கணக்குள் தலையாயது நெஞ்சகநோய்க் கணக்காகும்.

மருத்துவர்க்குரிய இப்பொருளைத் தமிழாய்வார்க்குரிய இவ்விதழில் எடுத்துக்கொள்வது என்னை எனின், அதற்குக் காரணம் இரண்டுள. மருத்துவக் கருத்துகளைத் தமிழிற் பிழைபடாது எடுத்துரைத்தல் தமிழ் பயின்றார் கடமைகளுள் ஒன்று என்பது முதலாவது. நாட்கணக்கில் அமர்ந்து படிப்பதும் எழுதுவதுமே தொழிலாகக் கொண்ட நம்மனோர்க்கு இப்பொருள் புறம்பானதன்று என்பது இரண்டாவது. ஆதலின், பெருந்தொற்றுக் காலம் பொதுமக்களின் நெஞ்சகநோய் இடர்க்காரணிகளை எவ்வெவ்வழியால் மாற்றியது, அம்மாற்றத்தின் அளவு யாது, அதனை யாங்ஙனம் மதிப்பிடுதல் வேண்டும் என்பனவற்றை இக்கட்டுரையில் ஆராய்வாம்.

சொல்லும் பொருளும்

முதற்கண் ‘இடர்க்காரணி’ என்னுஞ் சொல்லின் பொருளைத் தெளிதல் வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாட்டு மாசச்சூசெட்சு மாநிலத்தில் பிரேமிங்கம் என்னும் ஊர் உளது. அவ்வூரார் 5,209 பேரை 1948-ஆம் ஆண்டு தொடங்கி ஆய்வாளர் தொடர்ந்து நோக்கி வரலாயினர். நோயுற்ற பின்னர் ஆராய்வதே அதுகாறும் வழக்கமாக இருந்தது. நோயுறாதாரை முன்னரே கண்டு வைத்து, அவருள் யாவர் பின்னர் நோயுறுகின்றனர் என ஈராண்டுக்கொருமுறை பார்த்தது இவ்வாய்வின் சிறப்பாகும். அதன் பயனாக, குருதியழுத்தமும் குருதியிற் கொலஸ்டிரால் மிகுதியும் உடையோர் ஏனையோரினும் மிகுதியாக மாரடைப்பிற்கு ஆளாயினமை புலனாயிற்று. 1961-ஆம் ஆண்டு அவ்வாய்வினர் வெளியிட்ட கட்டுரையொன்றே ‘இடர்க்காரணி’ என்னும் கருத்தை மருத்துவ உலகில் நிலைபெறச் செய்தது.

குடத்திற்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் எனக் காரணத்தை மூன்றாகப் பகுப்பர் நம் நூலோர். இடர்க்காரணி என்பது இம்மூன்றனுள் ஒன்றன்று. அஃது உடையார் அனைவரும் நோயுறுவர் என்பதில்லை; இல்லார் எவரும் நோயுறார் என்பதுமில்லை. உடையார் கூட்டத்துள் நோயுறுவார் தொகை இல்லார் கூட்டத்தினும் மிக்கிருக்கும் என்பதே அச்சொல்லின் பொருள். உயர்ந்த குருதியழுத்தம், கொலஸ்டிரால் மிகுதி, நீரிழிவு, புகைபிடித்தல், உடற்பருமன், உழைப்பின்மை, மதுவுண்டல், உப்பு மிக்க உணவு, உறக்கக் குறைவு, உளநெருக்கடி, மாசுற்ற காற்று என்பன மாற்றத்தகும் இடர்க்காரணிகள். அகவையும் குடிவழியும் மாற்றவொண்ணாதன. மாற்றத்தகுவன ஒருசேரத் திரிபுறுமாறு நாடெங்கும் வாழ்க்கை மாறிய காலமே பெருந்தொற்றுக் காலம் என்க.

ஈண்டு மற்றொரு சொல்லையும் ஆராய்தல் தகும். உயர்ந்த குருதியழுத்தத்தை மக்கள் ‘இரத்தக் கொதிப்பு’ என வழங்குகின்றனர். கொதித்தல் என்பது உணரப்படுவது. உலையிற் கொதிக்கும் நீர் கண்ணுக்கும் செவிக்கும் புலனாவது. சினத்தையும் கொதிப்பு என்கின்றோம். ஆதலின் இந்நோயுடையார்க்குத் தலை சுழலும், முகம் சிவக்கும், சினம் மிகும் என்னும் எண்ணம் அச்சொல்லோடு உடன்வந்து விடுகின்றது. உண்மை அதற்கு மாறானது. குருதியழுத்தம் உயர்ந்தோருட் பெரும்பாலோர் எதனையும் உணர்வதில்லை. கருவி கொண்டு அளந்தாலன்றி அஃது அறியப்படாது. இச்சொல்லால் விளையும் மயக்கம் உயிர்க்கே ஊறு செய்தல் கூடும் என்பதைப் பின்னர்க் காண்பாம்.

இனி, பெருந்தொற்று நெஞ்சகத்தைத் தாக்கிய வழிகள் மூன்றென வகுக்கலாம். நுண்ணுயிரி உடலுட் புகுந்து செய்த கேடு ஒன்று. வாழ்முறை திரிந்தமையால் விளைந்த கேடு ஒன்று. மருத்துவத் தொடர்பு அற்றமையால் நேர்ந்த கேடு ஒன்று. இவற்றுள் முதலது தொற்றினார்க்கு மட்டும் உரியது. ஏனைய இரண்டும் தொற்றாதார்க்கும் உரியன.

நுண்ணுயிரி வழி

தொற்றுநோய் நெஞ்சகத்தைத் தாக்கும் என்பது கொவிட் நோயாற் புதிதாக அறியப்பட்டதன்று. கனடா நாட்டு ஒண்டாரியோ மாநிலத்தில் நிகழ்ந்து 2018-ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்று, இன்புளூயன்சா உறுதிப்படுத்தப்பட்ட முதல் ஏழு நாள்களில் மாரடைப்பு நிகழும் வீதம் ஏனைய காலத்தினும் ஏறத்தாழ ஆறு மடங்கு மிகுந்ததனைக் காட்டியது. தொற்று நிகழுங்கால் உடலில் அழற்சி எழுகின்றது. குருதி உறையுந் தன்மை மிகுகின்றது. நாடியின் உட்சுவரிற் படிந்துள்ள கொழுப்புப் படிவு வெடித்தற்கு ஏதுவாகின்றது. காய்ச்சலால் இதயத்தின் உழைப்பும் பெருகுகின்றது. கொவிட் நுண்ணுயிரியோ உயிரணுவினுட் புகுதற்குப் பற்றுக்கோடாகக் கொள்வது ஏ.சி.ஈ.2 என்னும் புரதத்தை. அப்புரதம் குருதியழுத்தத்தைச் சமன்செய்யும் பணியிற் பங்குடையது. ஆதலின் இந்நோய்க்கும் நாடிகளுக்கும் உள்ள உறவு நெருங்கியதாயிற்று.

நோய் நீங்கிய பின்னரும் கேடு நீங்கவில்லை. அமெரிக்க நாட்டு முன்னாட் படைவீரருள் நோயுற்றார் 1,53,760 பேரை, நோயுறாத ஐம்பது இலக்கத்திற்கும் மேற்பட்டாரோடு ஒப்பிட்ட ஆய்வு 2022-ஆம் ஆண்டு வெளிவந்தது. ஓராண்டு முடிவில், நோயுற்றாருள் நெஞ்சகநோயோ நாடிநோயோ பெற்றோர் ஆயிரவர்க்கு ஏறத்தாழ 45 பேர் மிகுதியாக இருந்தனர். அதே ஆண்டில், அப்படைவீரரிடையே நிகழ்ந்த மற்றோர் ஆய்வு, நோயுற்றார்க்குப் புதிதாக நீரிழிவு தோன்றும் இடர் 40 விழுக்காடு மிகுதி எனக் காட்டியது. இவ்வாய்விற்கு உட்பட்டோருள் மிகப் பெரும்பாலோர் ஆடவர் என்பதை மறத்தலாகாது. எனினும் தொற்று, தானே ஓர் இடர்க்காரணியாகவும், வேறோர் இடர்க்காரணியாகிய நீரிழிவினைத் தோற்றுவிப்பதாகவும் அமைந்தமை இவற்றாற் பெறப்படும்.

வாழ்முறை வழி

தொல்காப்பியர் முதல், கரு, உரி எனப் பொருளை மூன்றாக வகுத்தார். நிலமும் பொழுதும் முதல்; உணவும் தொழிலும் முதலாயின கரு; மக்கள் உள்ளத்து ஒழுக்கம் உரி. இலக்கியத்திற்குக் கூறிய இவ்வைப்புமுறை, பெருந்தொற்றுக் காலத்து நிகழ்ந்ததனை விளங்கிக்கோடற்கும் உதவுகின்றது. ஊரடங்கினால் முதலில் மாறியது இடம்: அலுவலகமும் பள்ளியும் களமும் ஒழிந்து வீடொன்றே எஞ்சியது. அதனோடு மாறியது பொழுது: எழுதல், உண்ணல், உறங்கல் ஆகியவற்றிற்கு வரையறுத்த வேளை இலதாயிற்று. இவை மாறவே உணவும் தொழிலும் மாறின. அவை மாறவே உள்ளமும் நிலைதிரிந்தது. ஒன்றன் மாற்றம் மற்றொன்றை இழுத்துச் சென்றதாகலின் இவற்றைத் தனித்தனி நோயெனக் கருதாது ஒரு தொடரெனக் கருதுதலே முறை.

உழைப்பினை முதலிற் காண்பாம். கைப்பேசியின்வழி நடையை எண்ணும் செயலியைக் கொண்டிருந்த 187 நாடுகளைச் சார்ந்த 4,55,404 பேரின் அடிக்கணக்கை ஆய்வாளர் தொகுத்து 2020-ஆம் ஆண்டு வெளியிட்டனர். பெருந்தொற்று என அறிவித்த பத்து நாளுள், நாளொன்றுக்கு நடக்கும் அடிகளின் சராசரி 5.5 விழுக்காடு குறைந்தது. முப்பது நாளுள் 27.3 விழுக்காடு, அஃதாவது 1,432 அடி, குறைந்தது. கடுமையான ஊரடங்கு நிலவிய இத்தாலி நாட்டில் இக்குறைவு உச்ச அளவாக 48.7 விழுக்காட்டை எட்டியது. ஊரடங்கு விதியாத சுவீடன் நாட்டில் உச்சம் 6.9 விழுக்காடே. நடை குறையுங்கால் தசைகள் குருதியிலுள்ள சருக்கரையை ஈர்த்துக்கொள்வது குறைகின்றது. இன்சுலின் செயலாற்றலும் குன்றுகின்றது. நாடிகள் நெகிழ்ந்து விரியுந் தன்மையும் தளர்கின்றது. ஆயிரத்து நானூறு அடி என்பது பேருந்து நிலையத்திற்கு நடந்து சென்று மீளும் தொலைவுதான். அதனை உழைப்பென்று எவரும் எண்ணியதில்லை. இழந்த பின்னரே அஃது உழைப்பாக இருந்தமை புலனாயிற்று.

அடுத்து உடலெடை. இதன்கண் சிறாரின் நிலை பெரிதும் கருதத்தக்கது. அமெரிக்க நாட்டில் 2 முதல் 19 வரையுள்ள அகவையினர் 4,32,302 பேரின் எடைக் குறிப்புகளை ஆராய்ந்தபோது, உயரத்திற்கேற்ற எடையளவு உயரும் வேகம் பெருந்தொற்றுக்கு முன்னிருந்ததனினும் ஏறத்தாழ இருமடங்காயினமை கண்டனர். உடற்பருமனுடையார் 2019 ஆகஸ்டில் 19.3 விழுக்காடு, 2020 ஆகஸ்டில் 22.4 விழுக்காடு. பள்ளி மூடப்பட்டமையால் விளையாட்டும், வேளை தவறாத உணவும், ஒழுங்கான உறக்கமும் ஒருங்கே போயின. குழவிப் பருவத்துப் பருமன் முதிர்ந்த பருவத்தும் தொடர்தல் பெரும்பான்மையாகலின், இவ்வெண்ணின் முழுப்பயனையும் காணும் காலம் இன்னும் வரவில்லை.

மதுவும் புகையும் பற்றிய செய்திகள் ஒரே திசையில் நில்லாமை நோக்கத்தக்கது. அமெரிக்க நாட்டில் முப்பது அகவை கடந்தாரிடையே, 2019-ஆம் ஆண்டினும் 2020-ஆம் ஆண்டின் இடைப்பகுதியில் மதுவுண்ணும் நாள்களின் எண்ணிக்கை 14 விழுக்காடு மிகுந்தது. பெண்டிர் அளவுகடந்து உண்ணும் நாள்கள் 41 விழுக்காடு மிகுந்தன. தமிழ்நாட்டிலோ மதுக்கடைகள் 2020 மார்ச்சுத் திங்கள் இறுதி முதல் மேத் திங்கள் முதல் வாரம்வரை மூடப்பட்டிருந்தன. பெருந்தொற்று ஒன்றேயாயினும் அதனை எதிர்கொண்ட முறை நாட்டிற்கு நாடு வேறுபட்டமையால் இடர்க்காரணியும் வேறுபட்டது. புகையினைப் பொறுத்தவரை, அமெரிக்கப் பெருநிறுவனங்கள் விற்ற சிகரெட்டுகள் 2019-ஆம் ஆண்டில் 20,290 கோடியாக இருந்து 2020-ஆம் ஆண்டில் 20,370 கோடியாயின. இருபது ஆண்டுகளில் விற்பனை உயர்ந்தது அதுவே முதன்முறை. ஆயினும் புகைபிடிக்கும் வளர்ந்தோரின் விழுக்காடு அவ்வாண்டில் உயரவில்லை. விட்டோர் விட்டிருக்க, விடாதார் மிகுதியாகப் பிடித்தனர் என இதனைக் கொள்ளுதல் பொருந்தும்.

உறக்கமும் உள்ளமும் எஞ்சி நின்றன. அச்சம், தனிமை, வருவாய் இழப்பு, உற்றார் இறப்பு என்பன அட்ரினலின், கார்டிசால் ஆகிய சுரப்புகளை மிகுவித்தன. உறங்குங்கால் குருதியழுத்தம் இயல்பாகத் தாழ வேண்டும். உறக்கம் கெட்டவழி அத்தாழ்வும் கெடுகின்றது. இவ்வெல்லாக் கால்வாய்களும் வந்து கலக்கும் ஏரி குருதியழுத்தமே எனலாம். அமெரிக்க நாட்டில் பணியாளரும் அவர்தம் துணைவருமாக 4,64,585 பேர், ஆண்டுதோறும் பயிற்சி பெற்றோரால் குருதியழுத்தம் அளக்கப்பெற்று வந்தனர். அவ்வளவைகளை ஒப்பிட்ட ஆய்வு 2021-ஆம் ஆண்டிறுதியில் வெளிவந்தது. 2020-ஆம் ஆண்டின் முதல் மூன்று திங்களில் முந்தை ஆண்டினும் வேறுபாடில்லை. ஏப்பிரல் முதல் திசம்பர் வரையிலோ, மேலழுத்தத்தின் சராசரி திங்கள்தோறும் முந்தை ஆண்டினும் 1.10 முதல் 2.50 மி.மீ. வரை உயர்ந்து நின்றது, கீழழுத்தம் 0.14 முதல் 0.53 மி.மீ. வரை உயர்ந்தது. பெண்டிரிடத்து இவ்வுயர்வு மிகுதி.

சிற்றெண்ணும் அதன் பெரும்பயனும்

இரண்டு மி.மீ. என்பது ஓர் உயர்வா என ஐயுறுவார் உளர். ஒருவர் காலையில் அளந்த அழுத்தமும் மாலையில் அளந்த அழுத்தமும் பத்து மி.மீ. வேறுபடுதல் இயல்பாயிருக்க, இரண்டு மி.மீ. உயர்வை ஒரு பொருட்டாகக் கருதுவது ஏன் எனின், கூறுதும். தனியொருவர் அளவை வேறு. மக்கட்கூட்டத்தின் சராசரி வேறு. தனியொருவரிடத்து ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும். பல இலக்கம் மக்களின் சராசரியிலோ ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். அங்ஙனம் கழித்த பின்னரும் சராசரி உயர்ந்து நிற்பின், கூட்டம் முழுவதுமே சிறிது நகர்ந்துள்ளது என்பது பொருள். ஏரியின் நீர்மட்டம் ஒரு விரற்கடை உயர்ந்தால் கரைமேல் நிற்பார் அதனை அறியார். ஆயின் கரையை ஒட்டித் தாழ்ந்த வயல்களுள் நீர் புகுந்துவிடும். நோயின் எல்லையை ஒட்டி நின்றோரே அத்தாழ்ந்த வயல்கள் ஆவர்.

இதனை எண்ணாலும் காட்டலாம். பத்து இலக்கம் பேரைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2002-ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு, நடு அகவையினரின் மேலழுத்தம் நிலையாக இரண்டு மி.மீ. தாழ்ந்திருப்பின், மூளைநாடி நோயால் இறப்போர் ஏறத்தாழ 10 விழுக்காடும், இதயநாடி நோயால் இறப்போர் ஏறத்தாழ 7 விழுக்காடும் குறைவர் எனக் கணித்தது. தாழ்வுக்குக் கூறியது உயர்வுக்கும் ஒக்கும். உயர்வு நிலைத்து நிற்பின் அதன் பயனும் அவ்வளவினதாகவே இருத்தல் கூடும். ‘நிற்பின்’ என்னும் இவ்வெச்சத்தின்மேல்தான் எல்லாம் தங்கியுள்ளது. நின்றதா, நீங்கியதா என்பதனை ஒவ்வொருவரும் அளந்தன்றி அறிதல் இயலாது.

மருத்துவத் தொடர்பு அற்ற வழி

மூன்றாவது வழிக்கு வருவாம். திருக்குறளின் மருந்து என்னும் 95-ஆம் அதிகாரம், மருத்துவத்தை நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுவோன் என நாற்கூறாகப் பகுத்து முடிகின்றது. நான்கும் கூடியவழியே மருத்துவம் நிகழும். ஒன்று பிரியினும் நிகழாது. பெருந்தொற்று இந்நான்கையும் ஒன்றினின்று ஒன்று பிரித்தது. நோயாளி வீட்டினுள் அடைபட்டார். மருத்துவர் கொவிட் நோயாளிகளிடம் சென்றார். மருந்து கடையிலிருந்தும் பெறுவார்க்கு எட்டாதாயிற்று. பேணுவோர் அணுக அஞ்சினர்.

இங்கிலாந்து நாட்டின் கணக்கு இதனைத் தெளிவிக்கும். கடிய நெஞ்சகநோயால் மருத்துவமனை சேர்ந்தோர் 2019-ஆம் ஆண்டில் வாரத்திற்குச் சராசரி 3,017 பேர். 2020 மார்ச்சு இறுதியில் 1,813 பேர். நாற்பது விழுக்காடு குறைவு! மாரடைப்பு அத்துணைக் குறைந்துவிட்டது எனக் கொள்ளுதற்கு இடமில்லை. மருத்துவமனைக்குச் சென்றால் தொற்றும் என்னும் அச்சத்தாற் பலர் நெஞ்சுவலியோடு வீட்டிலேயே தங்கினர் என்பதே ஆய்வாளர் கொண்ட முடிபு. ஆண்டுத் திங்கள் சில கழிந்தபின் இத்தொகை மீண்டும் உயர்ந்தது. ஆயின் உரிய வேளையில் மருத்துவம் பெறாது போனோர்க்கு அவ்வேளை மீளவில்லை.

கடிய நோயினர் நிலை இஃதாக, நோய் இன்னும் வெளிப்படாதார் நிலையோ எவர் கண்ணிலும் படாததாயிற்று. இங்கிலாந்து, இசுக்காத்துலாந்து, வேல்சு ஆகிய மூன்றிடத்தும் வழங்கப்பட்ட மருந்துகளின் பதிவுகளை ஆராய்ந்த கட்டுரையொன்று 2023-ஆம் ஆண்டு வெளிவந்தது. 2020 மார்ச்சு முதல் 2021 சூலை வரை, குருதியழுத்தத்திற்கு மருந்துண்ணத் தொடங்கியிருக்க வேண்டியோருள் 4,91,306 பேர் தொடங்கவில்லை என அது கணித்தது. அவர்கள் வாழ்நாள் முழுதும் மருந்தின்றியே இருப்பின், மாரடைப்பு, மூளைநாடி அடைப்பு முதலியன 13,662 மிகுதியாக நிகழும் எனவும் உரைத்தது. இவர்களுட் பலர் தம்மை நோயாளியென அறியார், ஏனெனில் அளக்கப்படவில்லை. அளத்தல் நின்றுபோனமை இந்நோய்க்கு மறைந்துறைய இடந்தந்தது.

ஈண்டு நாம் நேரிற் கண்ட ஒன்றைக் கூறுதல் பொருத்தமாகும். நம் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பத்தாண்டாகக் குருதியழுத்தத்திற்கு மருந்துண்டு வந்தவர். 2020-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் மாத்திரை தீர்ந்தது. பேருந்து இல்லை; வெளிச்செல்ல மகன் விடவில்லை. பத்து நாள் உண்ணாது இருந்து பார்த்தார். “தலை சுற்றவில்லை, படபடப்பும் இல்லை, கொதிப்பு அடங்கிவிட்டது போலும்” எனத் தொலைபேசியில் நம்மிடம் கூறினார். நாமும் மகிழ்ந்து அமைந்தோமேயன்றி மறுத்துரைத்தோமல்லேம். மறுஆண்டு அவர்க்குப் பக்கவாதம் வந்து வலக்கை செயலற்றது. நாற்பதாண்டு பாடக்குறிப்பு எழுதிய கை அது. மருந்தை விட்டமையே அதற்குக் காரணம் எனத் துணிந்துரைத்தல் மருத்துவர்க்கும் அரிது. ஆயின் ‘கொதிப்பு’ என்னும் சொல்லை நம்பி அவரும் நாமும் ஏமாந்தோம் என்பதில் ஐயமில்லை.

ஐயமும் விடையும்

அற்றேல், பெருந்தொற்றுக் காலத்தில் நன்மையே விளையவில்லையோ எனின், அற்றன்று. ஊர்திகளும் ஆலைகளும் நின்றமையால் காற்றின் மாசு குறைந்தது. பஞ்சாபு மாநிலத்துச் சலந்தர் நகரத்தார் தௌலதார் மலைத்தொடரைத் தம் மாடிகளிலிருந்து கண்ட செய்தி 2020 ஏப்பிரலில் பரவியது. மாசுற்ற காற்றும் இடர்க்காரணியாகலின் இது நலமே. கடையுணவை விடுத்து வீட்டுணவு உண்டோரும், மாடியில் நடந்தோரும், புகையை விட்டோரும் உளர். ஆனால் காற்றின் தூய்மை ஊரடங்கோடு நீங்கியது. எடையும் அழுத்தமும் அவ்வாறு எளிதில் நீங்குவனவல்ல. ஓய்வும் இடமும் வருவாயும் உடையார்க்கே அந்நலங்கள் பெரிதும் வாய்த்தன என்பதும் கருதற்பாலது.

மேற்காட்டிய ஆய்வுகளின் எல்லையையும் உணர்தல் வேண்டும். அடிகளை எண்ணியது கைப்பேசி உடையாரிடத்து. அழுத்தம் அளந்தது நலத்திட்டத்திற் சேர்ந்த பணியாளரிடத்து. அவ்வாண்டில் அளக்க வந்தோர் தம் உடல்நலத்தில் ஓரளவு கருத்துடையோராகவே இருந்திருப்பர். வேலை இழந்தோரும், வழிநடந்து சொந்த ஊர் சேர்ந்தோரும் அக்கணக்குள் இலர். ஓலை கிடைத்த பாடல்களை மட்டும் கொண்டு ஒரு காலத்து இலக்கியம் முழுவதையும் அளவிடலாகாது என்பதை அறிந்த நமக்கு இவ்வெச்சரிக்கை புதிதன்று. கிடைத்த எண்கள் நிகழ்ந்ததன் திசையைக் காட்டுவன. அதன் முழு அளவை அல்ல.

இனி, பெருந்தொற்றின் விளைவு எத்துணைக் காலம் நீளும் என்பதற்கு முன்னிகழ்ந்த ஒன்று சான்றாகின்றது. 1918-ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய இன்புளூயன்சாவின்போது அமெரிக்க நாட்டில் தாய்வயிற்றுக் கருவாயிருந்தோரைப் பற்றிய ஆய்வு 2010-ஆம் ஆண்டு வெளிவந்தது. அவர்கள் 60 முதல் 82 வரையுள்ள அகவையினராயிருந்தபோது நெஞ்சகநோய் அவர்களிடத்து 20 விழுக்காட்டிற்கும் மேல் மிகுந்து காணப்பட்டது. நோயின் பெயரையும் அறியுமுன் அதன் நிழலிற் பட்டோர் அறுபதாண்டு கழித்து அதன் பயனைத் துய்த்தனர். 2020-ஆம் ஆண்டுக் கருக்களும் அவ்வாறே ஆவர் என இதனால் முடிவு கட்டுதல் இயலாது. எனினும் ஒரு கொள்ளைநோயின் கணக்கை மூன்றாண்டில் முடித்துவிடலாகாது என்பது ஒருதலை.

தமிழ்நாட்டில் நிகழ்ந்தது

பிரிந்த நாற்கூற்றையும் மீளச் சேர்த்தற்கு வழியுண்டோ எனின், உண்டு என்பதற்குத் தமிழ்நாடே எடுத்துக்காட்டு. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 5-ஆம் நாள், கிருட்டினகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி என்னும் சிற்றூரில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தை மாநில அரசு தொடங்கியது. பெண் தன்னார்வலர் வீடுதோறும் சென்று குருதியழுத்தமும் சருக்கரையும் அளந்து, முன்னரே நோயறியப்பட்டார்க்கு மருந்தினைக் கையிற் கொடுப்பது அதன் முறை. இத்திட்டம் 2024-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அவையின் பணிக்குழு விருதினைப் பெற்றது. நோயாளி மருத்துவரைத் தேடிச் செல்லுதல் என்னும் பழைய ஒழுங்கு பெருந்தொற்றால் முறிந்தவிடத்து, மருந்தும் பேணுவோரும் நோயாளியைத் தேடிச் செல்லுதல் என்னும் புதிய ஒழுங்கு தோன்றியது. எதனையும் உணராதாரை உணரச் செய்வதற்கு வாயிலிற் சென்று அளப்பதினும் சிறந்த வழி பிறிதில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றால் பெறப்படுவன இவை: பெருந்தொற்று நெஞ்சகத்தைத் தாக்கியது நுண்ணுயிரியால் மட்டுமன்று, வாழ்முறைத் திரிபாலும் மருத்துவத் தொடர்பின் முறிவாலும் தாக்கியது. தனியொருவரிடத்துப் புலனாகாத சிறு மாற்றம் மக்கட்கூட்டத்தில் பெருங்கேடாக முடியும். மூவழியுள்ளும் எளிதில் திருத்தத்தக்கது மூன்றாவதே. உழைப்பையும் உறக்கத்தையும் மீட்க ஆண்டுகள் வேண்டும், அழுத்தத்தை அளக்கச் சில நிமிடம் போதும். கற்றோராகிய நாம் செய்யத்தக்கது ஒன்றுண்டு. ‘கொதிப்பு’ என்னும் சொல் மக்கள் வழக்கில் வேரூன்றியது. அதனை அகற்றல் அரிது. ஆயின் அச்சொல்லை எங்குக் கேட்பினும், அது கொதிப்பதன்று, உணரப்படுவதன்று, அளந்தே அறியப்படுவது என எடுத்துரைத்தல் நமக்கு இயலும். நம் நண்பரிடம் அன்று நாம் கூறாது விட்டது அதுவே.